ஒட்டண்ணன் வெட்டாமல் விட்ட செடி

வெட்ட வெட்டத்தான் வளரும் என்கிறார்கள். அப்படியானால் வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை எங்கள் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர் என்னிடம் கேட்டபோது, நான் கழுத்துவரை துணி போர்த்தி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காதுக்குப் பக்கத்தில் கத்தரி வாயைத் திறந்தபடி நின்றது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அந்த நிலைமையில் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பிறகு நடந்ததைத் தெருவே பார்த்தது. புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒட்டண்ணன் என்பார்கள். எப்படி வெட்டச் சொன்னாலும் ஒட்ட வெட்டிவிடுவார் என்பதால் வந்த பெயர். "நுனியை மட்டும் எடுங்கண்ணே" என்று சொல்லி உட்கார்ந்தவரும், "காதை மூடுற மாதிரி விடுங்க" என்று கெஞ்சியவரும் எழுந்திருக்கும்போது ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அவருக்குக் காது கேட்காமல் இல்லை. காதுக்கு வந்தது கைக்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான். இடப்பக்கம் வெட்டுவார். தள்ளி நின்று பார்ப்பார். வலப்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். அதை வெட்டினால் இப்போது இடப்பக்கம் தூக்கலாகத் தெரியும். இரண்டு பக்கமும் சமமாக வரும் நேரத்தில் சமப்படுத்த ஒன்றும் மிச்சமிருக்காது. ஆனாலும் மனுஷன் தங்கமானவர். தெருவில் வேறு கடையும் கிடையாது.

கடை வாசலில், காலையில் வெயிலும் மதியத்துக்கு மேல் நிழலும் விழுகிற இடத்தில், ஒரு பெரிய மண்தொட்டி. அதில் ஒரு ஹைட்ரேஞ்சியா. பந்து பந்தாகப் பூக்கும் செடி என்று கேள்விப்பட்டதால் தெரு அதைப் பந்துச்செடி என்றது. கேள்விப்பட்டதோடு சரி. பூத்து யாரும் பார்த்ததில்லை. செடி மட்டும் பந்து மாதிரியே இருந்தது, ஏனென்றால் ஒட்டண்ணன் அதை அப்படி வெட்டி வைத்திருந்தார். கடையில் ஆள் இல்லாத மதியங்களில் கத்தரியும் சீப்புமாக வெளியே வருவார். நாக்கை ஒரு ஓரமாகத் துருத்திக்கொண்டு, செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, துருத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நுனியையும் எடுத்துவிடுவார். கடையில் கூட்டிய முடியையெல்லாம் உரமென்று அந்தத் தொட்டியிலேயே போட்டுப் புதைப்பார். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்குக் கருகருவென்று வந்தது. "என் தலைமுடி பாதி அதுலதான் இருக்கு, எனக்கும் அதுல பங்கு உண்டு" என்று கணக்கு வாத்தியார் சொல்வார். அவர் தினமும் பேப்பர் படிக்கக் கடைக்கு வருகிறவர்.

அந்தச் செடி ஒட்டண்ணனுடைய மனைவியின் அக்கா கொடுத்த குச்சியிலிருந்து வந்தது. அக்கா வீட்டு மதில் ஓரமாக அது புதர் புதராகப் பூத்துக் குலுங்குகிறது. கடை திறந்த வருஷம் ஒரு குச்சியை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். தங்கை அதை மண்ணில் ஊன்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, வேர் பிடிக்கும்வரை எட்டி எட்டிப் பார்த்து வளர்த்தாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

அக்காவின் கணவர், அதாவது ஒட்டண்ணனுடைய சகலை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அடுத்தவர் ஓட்டும்போது பிரேக் மிதிப்பதே அவருக்குத் தொழில். பேச்சிலும் அப்படித்தான். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு இவர்கள் வீட்டுக்கு வருவார். அந்த வருஷம் வந்தவர் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே தொட்டியைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, செடிக்கும் போலீஸ் கட்டிங்கா?"

"கொஞ்சம் ஒழுங்கா இருக்கட்டுமேன்னு…" என்றார் ஒட்டண்ணன்.

"ஒழுங்காத்தான் இருக்கு. சல்யூட் அடிக்காத குறைதான். பூ எங்கே?"

"வரும்ணே."

"போன வருஷமும் வரும்னுதான் சொன்னே. எங்க வீட்டுல மதிலே தெரியல தம்பி, அவ்வளவு பூ. நான் தண்ணிகூட ஊத்துறதில்ல. சும்மா பக்கத்துல நின்னு பார்ப்பேன், பூத்துடும்."

சாப்பிட்டுக் கைகழுவும்போது மனைவி சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஒட்டண்ணன் தாங்கியிருப்பார். அவள் களைப்பாகத்தான் சொன்னாள்.

"நாலு வருஷமாச்சுக்கா. ஒரு பூவைக்கூட நான் கண்ணால பார்க்கல. அடுத்த வருஷம் நீங்க வரும்போதும் இப்படியே இருந்தா நீயே எடுத்துட்டுப் போயிடு. பூக்கிற இடத்துலயாவது இருக்கட்டும்."

"காரோட டிக்கியில வச்சுக் கட்டிட்டா போச்சு" என்றார் சகலை.

அன்று மதியம் ஒட்டண்ணன் கடையில் தனியாக உட்கார்ந்து வாசலைப் பார்த்தார். காலை வெயிலுக்குச் செடி வழக்கம்போலத் துவண்டு, இலைகளைத் தொங்கப் போட்டிருந்தது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார். ஒரு முகச்சவரம் முடிகிற நேரத்தில் அது தலையைத் தூக்கிக்கொண்டது. அந்தக் கடைக்கு வருகிற எல்லோரும் நிமிர்ந்து வந்து குனிந்து போகிறவர்கள். அவரால் தலை நிமிர்ந்தது அது ஒன்றுதான். அதுவும் சகலையின் டிக்கிக்குள் போகப்போகிறது. 'பூக்கிற இடத்துலயாவது' என்ற வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அப்படியென்றால் இது பூக்காத இடமா?

மறுநாளே இலையோடு ஒரு குச்சியைக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு நாற்றுக்கடைக்குப் போனார். நாற்றுக்கடைக்கார அம்மா குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னங்க, யாரு கிராப் வெட்டினது?"

"நான்தாங்க. தொழில் அது."

"தலையில வெட்டுங்க. இதுல ஏன் வெட்டுறீங்க? இந்த ஜாதிச் செடியில, இந்த வருஷம் வளர்ந்த குச்சியோட நுனியிலதான் அடுத்த வருஷத்துப் பூ உட்கார்ந்திருக்கும். கோடை முடியறப்பவே உள்ள மொட்டு கட்டிடும். அதுக்கப்புறம் நீங்க நுனியை எடுத்தா பூவைத்தான் எடுக்கிறீங்க."

ஒட்டண்ணன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலு வருஷப் பூக்களையும் அவரே வெட்டிக் கூட்டி அள்ளியிருக்கிறார்.

"உரம் என்ன போடுறீங்க?"

"முடிங்க."

"எதை முடிக்கணும்?"

"இல்லீங்க, தலைமுடி. கடையில விழுறது."

அந்த அம்மா குச்சியைத் திரும்பக் கைக்குட்டையிலேயே வைத்தார். "அதான் இலை இந்த ஆட்டம் ஆடுது, பூவுக்கு ஒண்ணும் போகல. அதையும் நிறுத்துங்க. இனிமே செடிக்குப் பக்கத்துல கத்தரியோட போகாதீங்க. குளிர்ல மொட்டு கருகிடாம தொட்டியை உள்ள எடுத்து வைங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருங்க."

சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று ஒட்டண்ணனுக்கு அதற்கு முன் தெரியாது.

முதல் வாரம் கையைக் கட்டிக்கொண்டு செடியைப் பார்த்தார். இரண்டாவது வாரம் பார்க்காமல் இருந்து பார்த்தார். மூன்றாவது வாரம் இடப்பக்கத்துக் கிளை ஒன்று மற்றவற்றைத் தாண்டி ஒரு விரற்கடை நீண்டது. ஒட்டண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் அவருடைய இரண்டு விரல்கள் கத்தரி மாதிரி அசைந்தன என்று மனைவி மருந்துக்கடையில் சொல்லியிருக்கிறாள்.

செடியில் தீர்க்க முடியாததை மனுஷர்கள் தலையில் தீர்த்தார். முன்பு ஒட்ட வெட்டியவர் இப்போது ஒட்டியிருந்ததையும் வெட்டினார். பக்கத்து வீட்டுத் தபால்காரர் தொப்பி வாங்கினார். புகைப்படம் எடுப்பவர் தன் கடையின் கண்ணாடியைத் துணி போட்டு மூடினார். செடி தழைக்கத் தழைக்கத் தெரு வழுக்கையானது. அடுத்த தெருக்காரர்கள் இங்கே ஏதோ நோய் பரவியிருப்பதாக நினைத்துச் சுற்றுவழியில் போனார்கள்.

கடைசியில் தெரு சார்பாகக் கணக்கு வாத்தியார் பேச வந்தார். அவர் தலையில் முதலிலிருந்தே கொஞ்சம்தான் இருந்தது. அதுவும் இப்போது இல்லை.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோபிக்கக் கூடாது."

"கேளுங்க வாத்தியாரே."

"அந்தச் செடியையே வெட்டிடுங்களேன். தெருவே சேர்ந்து கேட்குது. உங்க வீட்டம்மாவுக்கு நாங்க ஆளுக்கு ஒரு பூ வாங்கித் தர்றோம்."

"அது எப்படிங்க? வாங்கின பூ எங்க வீட்டுல பூத்த பூ ஆயிடுமா?"

வாத்தியார் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, ஒரே ஒரு கிளை. அந்த இடப்பக்கத்துக் கிளை. எனக்கே பார்க்கப் பார்க்க உறுத்துது."

ஒட்டண்ணனுடைய கை கத்தரியை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. "வாத்தியாரே, முதல்ல வெளியே போங்க" என்றார்.

அன்று முதல் ஒரு ஏற்பாடு வந்தது. காலையில் வேலைக்குப் போகும்முன் மனைவி கத்தரியை எடுத்துக் கொடுப்பாள். மாலையில் வந்து வாங்கிப் பூட்டி வைப்பாள். இடையில் தண்ணீர் ஊற்ற வெளியே போவதாக இருந்தால், கடையில் உட்கார்ந்திருப்பவர் மடியில் கத்தரியை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். "அண்ணே, கை காட்டுங்க" என்று பரிசோதித்த பிறகே வாசலைத் தாண்ட விடுவார்கள். செடிக்காக இல்லை. செடி பூத்துத் தொலைந்தால்தான் தங்களுக்கு முடி வளரும் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

குளிர் வந்தது. தொட்டியை உள்ளே கொண்டுவந்தார்கள். கடை சின்னது. கண்ணாடி, இரண்டு நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. வேறு இடமில்லாமல் தொட்டியை அந்தப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார்கள். நாள் முழுக்கக் கண்ணெதிரே அந்தச் செடி நிற்பதை ஒட்டண்ணனால் தாங்க முடியவில்லை. முடி வெட்டும்போது போர்த்துகிற வெள்ளைத் துணியை எடுத்து அதற்குப் போர்த்தினார். மேலே தன் குளிர்த்தொப்பியையும் வைத்தார். குளிருக்கு நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு நாள் வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். தலை நிறைய முடி. பெஞ்சில் தொப்பிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு அப்புறம் நானா சார்?"

பதில் இல்லை.

"இங்க கூட்டம் எப்பவும் இப்படித்தானா?"

அதற்கும் பதில் இல்லை. நாற்காலியில் இருந்தவர் எழுந்தார். ஒட்டண்ணன் துணியை உதறிக்கொண்டு, "வாங்க" என்றார். வெளியூர்க்காரர் மரியாதை தெரிந்தவர். பக்கத்தைக் காட்டி, "அவர் எனக்கு முன்னாடி வந்தவர்" என்றார்.

"அவரை விடுங்க, நீங்க வாங்க."

"அது எப்படிங்க? வயசானவரா வேற தெரியுது. குளிர்ல குறுகி உட்கார்ந்திருக்கார்."

"அவருக்கு வெட்டக் கூடாதுங்க. வெட்டவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு, டாக்டரா?"

ஒட்டண்ணன் நாற்றுக்கடைக்கார அம்மாவை நினைத்து, "ஆமாங்க" என்றார்.

வெளியூர்க்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். கடையில் இருந்த மற்றவர்களை ஒருமுறை பார்த்தார். எல்லாத் தலையும் பளபளத்தது. வெட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன ஒருத்தர் மட்டும் தொப்பியும் போர்வையுமாக அசையாமல் இருந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை.

குளிர் போய் வெயில் வந்தது. தொட்டி வாசலுக்குத் திரும்பியது. குச்சி நுனிகளில் பருத்த மொட்டுகள் பிளந்து இலை விட்டன. கண்ணை உறுத்திய அந்த இடப்பக்கத்துக் கிளையின் உச்சியில், இலைகளுக்கு நடுவே, மூடிய கை அளவுக்குப் பச்சையாக ஒன்று திரண்டது. ஒரே ஒன்று. மற்ற கிளைகளெல்லாம் வெறும் இலையோடு நின்றுகொண்டன. மனைவி தினமும் குனிந்து பார்த்தாள். கத்தரியைக் கொடுக்கும்போது முன்பு போல முறைக்கவில்லை.

கோடை விடுமுறை தொடங்கியது. சகலையின் கார் வந்து நின்றபோதும் அந்தத் தலை பச்சையாகத்தான் இருந்தது. சகலை காரைவிட்டு இறங்கி முதலில் டிக்கியைத் திறந்தார். உள்ளே கயிறு தயாராக இருந்தது.

"பாருங்கண்ணே, பூத்திருக்கு" என்றார் ஒட்டண்ணன்.

சகலை சுற்றி வந்து பார்த்தார். "எது?"

"இதோ இது."

"இது பச்சையா இருக்கு தம்பி."

"நிறம் இனிமேதான் ஏறும். ஆனா பூ பூதானே?"

"பச்சையா இருந்தா அதுக்குப் பேரு இலை. எங்க ஊர்ல அப்படித்தான். உங்க ஊர்ல எப்படியோ." சகலை கயிற்றை உதறினார். "பிடிங்க, தொட்டியைத் தூக்குவோம்."

தெருவே கூடிவிட்டது. "அது பூதான்" என்று தபால்காரர் தொப்பியைக் கழற்றிச் சத்தியம் செய்தார். "என் தலையைப் பாருங்க சார், இதைப் பூன்னு நீங்க ஒத்துக்கலைன்னா இன்னும் ஒரு வருஷம் நான் இப்படியே இருக்கணும்!" மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். சொன்ன வார்த்தை சொன்னதுதான். கடைசியில் கணக்கு வாத்தியார் ஓடிப்போய் நாற்றுக்கடைக்கார அம்மாவை அழைத்து வந்தார்.

அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "இவர் சொல்றது சரிதான்" என்று சகலையைக் காட்டினார். "இது பூ இல்ல."

ஒட்டண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நிறம் ஏறினாலும் பூ இல்ல" என்று அந்த அம்மா தொடர்ந்தார். "இந்தச் செடியில பந்து மாதிரி பெரிசு பெரிசா தெரியறதெல்லாம் இலை வகைதான். மொட்டை மூடியிருக்கிற புல்லி இதழ், பூ மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு நிக்குது. நிஜப் பூ உள்ளே இருக்கும். கடுகு மாதிரி."

சகலையின் கையிலிருந்த கயிறு தளர்ந்தது. "அப்போ எங்க மதில் ஓரமா இத்தனை வருஷமா நிக்கிறது?"

"வேஷம்தாங்க."

"அவ்வளவுமா?"

"உள்ளே தேடிப் பார்த்தா ஏதாவது இருக்கும். யாரு தேடுறா?"

ஒட்டண்ணன் படியிலிருந்து எழுந்தார். உள்ளே போய், மேஜை மேலிருந்த கத்தரியைத் தாண்டிக் கையை நீட்டி, மெல்லிய பற்கள் உள்ள சீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். தொட்டிக்கு முன் மண்டியிட்டார். அந்தப் பச்சைத் தலைக்கு நடுவில் வகிடு எடுத்தார். ஒரு பக்கம் மெதுவாக ஒதுக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. இன்னொரு பக்கம் ஒதுக்கினார். அந்தக் கையால் இவ்வளவு மெதுவாக ஒரு வேலை செய்ய முடியும் என்று எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. தங்கள் தலைகளைத் தடவிக்கொண்டு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

பின்பக்கம், காம்பு பிரிகிற இடத்தில், சீப்பு நின்றது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெல்லிய நீலத்தில், மயிரிழை போன்ற மகரந்தக் காம்புகளை நீட்டிக்கொண்டு ஒன்று திறந்திருந்தது.

"இதுதான்" என்றார் நாற்றுக்கடைக்கார அம்மா.

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தாள். மூக்கு இலையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்" என்றார் ஒட்டண்ணன்.

"இருக்கட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. "நம்ம வீட்டுல பூத்துச்சில்ல."

ஒட்டண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தபால்காரர் பார்த்ததாகச் சொல்கிறார். கண்ணில் முடி விழுந்துவிட்டது என்று ஒட்டண்ணன் சொல்கிறார். எங்கள் தெருவில் அப்போது விழுவதற்கு யாரிடமும் முடி இல்லை என்பது வேறு விஷயம்.

சகலை டிக்கியை மூடினார். ஊருக்குக் கிளம்பும்போது காரில் ஏறியவர் மறுபடி இறங்கிக் கடைக்குள் வந்தார்.

"தம்பி."

"சொல்லுங்கண்ணே."

"அந்தச் சீப்பைக் கொஞ்சம் குடு. போய்த் திருப்பி அனுப்புறேன்."

இதுவரை அனுப்பவில்லை. விடிந்ததும் ஸ்டூல் போட்டு மதில் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் வகிடு எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அக்கா போனில் சொன்னாளாம். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் வாசலில் காத்திருக்கிறார்களாம். "இன்னும் ஒண்ணுகூடக் கிடைக்கலடி, மனுஷன் சோறு தின்ன மாட்டேங்கிறார்" என்றாளாம்.

பந்துச்செடி வாசலில்தான் இருக்கிறது. யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

இதைப் படித்தவர்கள் படித்ததோடு நிறுத்தாமல் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். பூக்காத செடியைப் பார்த்ததும் கத்தரியைத் தேடுகிறவர் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், அவரை உட்காரவைத்து முதலில் அவருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் வெட்டிச் சுருக்க வேண்டாம்.